காரைக்குடி வெயிலுக்கு 4060-ஆ, 7600-ஆ?

கேள்வி: அண்ணே, கேம் ஆடுற கம்ப்யூட்டர்: ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 450 வாட் பவர் சப்ளை, 1080பி மானிட்டர். கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 4060 எடுக்கவா, ஆர்எக்ஸ் 7600 எடுக்கவா?

பதில் 1: 4060 எடுங்க தம்பி. அது 115 வாட், 7600 இழுக்கிறது 165. சித்திரை வெயில்ல அந்த 50 வாட் சூடு ரூம்லயே தெரியும். ரெண்டுக்கும் 550 வாட் சப்ளை வேணும்னுதான் கம்பெனி சொல்லுது. ஆனா உங்க 450 வாட் சப்ளை தரமானதுன்னா 4060-ஐத் தாங்கும்.

பதில் 2: ரெண்டுமே எட்டு லேன் (டேட்டா போற பாதை) கார்டு. பி450-ல பிசிஐஇ (கார்டு சொருகுற ஸ்லாட்) 3.0 தான், அதனால டேட்டா போற வேகம் 4.0-ல கிடைக்கிறதுல பாதியாயிரும். கார்டோட 8 ஜிபி மெமரி நிரம்பினதும் டெக்ஸ்ச்சர் (கேம்ல பொருள் மேல போர்த்துற படம்) கம்ப்யூட்டர் ரேம்லேர்ந்து வரணும், அங்கதான் திக்கும். டெக்ஸ்ச்சரை ‘அல்ட்ரா’லேர்ந்து ‘ஹை’க்கு இறக்கிருங்க.

பதில் 3: கார்டுக்குப் போற 8-பின் பவர் ஒயர் ‘கிளிக்’னு உக்காரணும். மானிட்டர் கேபிளை கார்டுலதான் சொருகணும். 3600-ல உள்கிராஃபிக்ஸ் கிடையாது, போர்டுல சொருகினா திரை கருப்பாவே நிக்கும்.