மறு: ரீபவுண்ட்: 'மீள்பந்து' போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

விளையாட்டுச் சொற்கோவையின் கூடைப்பந்துப் பகுதி ஒரு வாரமாக இந்த ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. புள்ளி, தடுப்பு, பறிப்பு எல்லாம் சண்டையில்லாமல் தேறிவிட்டன. 'ஸ்டீல்' என்பதற்குத் திருட்டு என்று எழுதியவரும் இரண்டே நாளில் பறிப்புக்கு மாறிவிட்டார். கூடைக்கு எறிந்து தவறிய பந்தைக் கைப்பற்றுவதைக் குறிக்கும் ரீபவுண்ட் மட்டும் நகர மறுக்கிறது. வந்த மடல்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

> 'மீள்பந்து' எளிமையாக இருக்கிறது. பந்து மீண்டு வருகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை, ஐயா. முதலில் ஓர் ஆட்டக்கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். 2016 ஜூன் 19, ஓக்லாந்து. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் இறுதித் தொடர், ஏழாவது ஆட்டம். கிளீவ்லாந்து 93, கோல்டன் ஸ்டேட் 89. கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் பெயருக்கு நேரே 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடை போடப் பந்து கொடுத்தது). அதே அணியின் கெவின் லவ் எடுத்தது 9 புள்ளிதான். ஆனால் ரீபவுண்ட் 14. இந்தப் பதினான்கில் எதை எண்ணியிருக்கிறார்கள்? பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியதையா? அதற்கு லவ் தேவையில்லை, வளையமே போதும். கூட்டத்துக்கு நடுவே கையை நீட்டி அவர் பிடித்ததைத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆங்கிலம் பந்தின் ஓட்டத்துக்கு வைத்த பெயரையே ஆளின் செயலுக்கும் ஒட்டவைத்துவிட்டது. அந்தக் குறையையும் சேர்த்து நாம் வாங்கிக்கொள்ள வேண்டுமா? "லவ்வுக்கு 14 மீள்பந்துகள்" என்று எழுதிப் பாருங்கள், யாரோ அவருக்குப் பந்து வாங்கிக் கொடுத்தது போல இருக்கிறது. தவிர, 'மீள்' என்ற முன்னொட்டுக்கு நம் குழுவில் ஓய்வே கிடையாது. மீள்பார்வை, மீள்பதிவு, மீளாய்வு… அது பாவம்.

> அப்படியானால் 'மீட்பு'. பிடிப்பவரின் செயல் அதில் வந்துவிடுகிறது.

வருகிறது, ஆனால் பாதிதான். தன் அணி எறிந்து தவறிய பந்தைத் தானே எடுத்தால் அது மீட்பு. எதிரணி எறிந்து தவறியதை எடுத்தால்? நம் கையில் இல்லாத பொருளை எப்படி மீட்பது? ஆட்டக்கணக்கில் இவை இரண்டும் தனித்தனிக் கட்டங்கள். 1962இல் வில்ட் சேம்பர்லின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தபோது அவருடைய 25 ரீபவுண்டும் ஒரே மொத்தமாகத்தான் எழுதப்பட்டன. என்பிஏ அவற்றை இரண்டாகப் பிரித்தது 1973-74 பருவத்தில். தடுப்பும் பறிப்பும் அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது அதே பருவத்தில்தான். நூறு புள்ளி எடுத்த அன்று அவர் எத்தனை எறிகளைத் தடுத்தார் என்று சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. ஏழடி உயர மனிதர்!

ஆகவே எனக்குத் தோன்றுவது: எகிறுபிடி.

ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை; நடுவே ஒற்று மிகாது. வளையத்தில் பட்டோ பலகையில் பட்டோ எகிறும் பந்தைப் பிடிப்பது. எகிறுவது பந்து மட்டும்தானா, ஆளும்தானே எகிறுகிறான் என்று யாரேனும் கேட்டால், இரண்டும்தான். அதனால்தான் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. வாக்கியத்திலும் முரண்டு பிடிக்கவில்லை: "லவ் 14 முறை எகிறிப் பிடித்தார்", "ஜேம்ஸ் 11 எகிறுபிடி". பிரித்துச் சொல்ல, தாம் காக்கும் கூடையடியில் எடுத்தால் தன்கூடை எகிறுபிடி, எதிரணி காக்கும் கூடையடியில் எடுத்தால் எதிர்க்கூடை எகிறுபிடி. தாக்குதல், தற்காப்பு என்று போர்க்களத்துக்குப் போக வேண்டியதில்லை.

'பிடி' விளையாட்டுக்குப் புதிதும் அன்று. யாழ்ப்பாணத்து அக்கா சென்ற மாதமே எழுதியிருந்தார்: இலங்கைத் தமிழ் நாளேடுகள் கிரிக்கெட் கேட்சைப் பிடி என்றே எழுதுகின்றன. 'எகிறு' கொச்சை என்று ஒருவர் முகம் சுளித்திருக்கிறார். "தங்கம் விலை எகிறியது" என்று தலைப்பில் படித்தபோது அவர் விலையைப் பார்த்துத்தான் சுளித்திருப்பார், சொல்லைப் பார்த்து அன்று.

> ரீபவுண்ட் என்றே விட்டுவிடலாமே?

பேச்சில் தாராளமாக. ஆடுகளத்தில் யாரையும் நிறுத்தித் திருத்தப்போவதில்லை. சொற்கோவை என்று பெயர் வைத்துவிட்டு விட்டுவிடலாம் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

போகிற போக்கில்: ட்ரிபிள்-டபுளுக்கு 'மும்மடங்கு இரட்டை' வேண்டவே வேண்டாம். கேட்பவர் ஆறு என்று நினைத்துக்கொள்வார். மூன்று இனங்களில் ஈரிலக்கம் தொடுவது அது; மூவீரிலக்கம் என்றால் முடிந்தது.

---

அன்புடையீர்,

கணக்கு எழுதியே பிழைத்தவன் நான், கூடைப்பந்து தெரியாது. ஆனாலும் நீங்கள் சொன்ன ஆட்டத்தின் கணக்கைப் பேத்தியிடம் கேட்டு வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். கோல்டன் ஸ்டேட் எறிந்தது 83, விழுந்தது 32. கிளீவ்லாந்து எறிந்தது 82, விழுந்தது 33. ஆக, தவறியவை 51 + 49 = 100. தனி எறிகளை (ஃப்ரீ த்ரோ) சேர்க்கவில்லை. ஆட்டக்காரர்கள் பெயரில் இருக்கும் உங்கள் எகிறுபிடிகளோ 48 + 39 = 87. மீதிப் பதின்மூன்று எங்கே? இப்படி ஒரு பேரேட்டை நான் கொடுத்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

---

ஐயா,

இந்தப் பதின்மூன்றை நான் மறந்தே போனேன். தவறிய பந்து சில நேரம் யார் கைக்கும் சிக்காமல் கோட்டுக்கு வெளியே போய்விடும். சில நேரம் ஆட்ட நேரம் முடிந்து மணி அடித்துவிடும். வெளியே போன பந்து எந்த அணிக்குக் கிடைக்கிறதோ அந்த அணியின் பெயரில் ஒன்று எழுதிக்கொள்வார்கள், எந்த ஆட்டக்காரர் பெயரிலும் ஏறாது. ஆங்கிலத்தில் அதையும் ரீபவுண்ட் என்றே சொல்லி முன்னால் 'டீம்' சேர்த்துக்கொள்கிறார்கள். என் சொல் இங்கே படுத்துவிடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். யாருமே பிடிக்காததை எப்படி எகிறுபிடி என்பது?

---

அன்புடையீர்,

பிடித்தால் பிடி. பிடிக்காமலே கணக்கில் ஏறினால் அதற்கு எங்கள் தொழிலில் பழைய சொல் இருக்கிறது: வரவு. 'அணிவரவு' என்று போடுங்கள். பேத்திக்கும் சம்மதம்.

---

ஐயா,

போட்டுவிட்டேன். ஆட்டக்காரர் வரிசையில் எகிறுபிடி, அடியில் தனி வரியாக அணிவரவு. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொல்லா என்று நாளை ஒரு மடல் வரும்; இரண்டு வேறு பொருளை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பியது நாம் அல்ல என்று பதிலை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்தது டர்ன்ஓவர். நான் பந்திழப்பு என்று குறித்திருக்கிறேன். கணக்கு அகராதியைத் திறந்து 'விற்றுமுதல்' என்று மட்டும் நீங்கள் எழுதிவிடாதீர்கள்.