பொங்கல் விழா தட்டி: தெரு வாட்ஸ்அப் குழு

பிரவின்: நாடகத்துல வார புத்தகக்கடைக்குத் தட்டி எழுதணும். பழைய தமிழ் நூல் பேரு, இன்னொரு அர்த்தத்துல படிச்சா சிரிப்பு வரணும். இதுவரைக்கும் நெடுநல்வாடை, நாலடியார், களவழி நாற்பது, வளையாபதி. நாளைக்கு காலையில அச்சுக்குப் போகுது.

லீலா மைனி: நெடுநல்வாடைக்கு மூக்கைப் பொத்துன படம் போதும் 😂

பிரவின்: அடியில ‘மரச்சினிக் கிழங்கு தின்ன ராத்திரி’ன்னு போடட்டா மைனி?

சுசீலா டீச்சர்: போட்டா செத்துது. கேக்குதவன் மனசுலதான் நாறணும். நக்கீரர் சொன்னது வடக்க இருந்து வார குளிர்காத்து, 188 அடி. ஒரு எழுத்தும் மாறல்ல, பொருள் மட்டும் புரளுது. இதுதான் முதல் தரம்.

ராஜன் மாமா: நாலடியார்?

சுசீலா டீச்சர்: அதுவும் கொள்ளாம். நாலடி + ஆர். இகரத்துக்குப் பொறவு உயிர் வந்தா நடுவுல ய் வரும். அந்த ய்யை ஆர் கூட ஒட்டிப் பாருங்க, ‘நாலடி யார்’. தட்டியில இடைவெளி, கேள்விக்குறி ஒண்ணும் வேண்டாம். மைக்குல ‘நாலடி’ன்னு நிறுத்தணும், பக்கத்துல நிக்குதவன் கன்னத்தைத் தடவணும்.
களவழியை வெட்டு பிரவின். களவு + வழி சேந்தா களவுவழின்னுதான் வரும், பின்னால உயிரெழுத்து இல்லாம அந்த உகரம் ஓடாது. இது போர்க்களத்துக் களம்.

பிரவின்: சனம் சிரிக்குமே டீச்சர்

சுசீலா டீச்சர்: சிரிக்கும். முன்வரிசையில தமிழ் வாத்தியாருங்க இருப்பாங்க பாத்துக்கோ.

லீலா மைனி: வளையாபதிக்குப் படம் ரெடி. சோபாவுல புருஷன், தரையில ரிமோட்டு.

சுசீலா டீச்சர்: வளையாத பதி, ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இலக்கணம் சுத்தம் மைனி 👌

பிரவின்: இன்னா நாற்பது சேக்கட்டா?

ராஜன் மாமா: மெட்ராஸ் ஆட்டோ சிரிப்புல்லா அது?

சுசீலா டீச்சர்: நம்ம குமரி மாவட்டத்துல விளவங்கோடு பக்கம் இன்னான்னா ‘இந்தா’. கண்டக்டர் பாக்கி சில்லறை நீட்டுத மாதிரி சொல்லட்டு: ‘இன்னா, நாற்பது’. நம்ம ஊருக்கே உள்ள சிரிப்பு.

ராஜன் மாமா: மலைபடுகடாம்?

சுசீலா டீச்சர்: கடைசி ம்-ஐ எடுத்தாத்தான் அது ஆட்டுக்கடா ஆகும். எழுத்தைத் திருடி சிரிக்க வைக்கது சேராது. தேரூர்க் கவிமணி என்ன செய்தாரு? மருமக்கள்வழிச் சொத்து வழக்கத்தைக் கிழிச்ச பாட்டுக்கு ‘மான்மியம்’னு பேரு வச்சாரு. கோயில் பெருமை சொல்லுத சொல்லு அது. அடி எங்க விழுதுன்னு பாரு.
பிரவின், அச்சுக்கடைக்கு டைப் பண்ணி அனுப்பாத. எழுத்துரு மாறினா புள்ளி பறக்கும். பிடிஎஃப் குடு. ஒரு தலைப்பு ஒரே வரியில நிக்கணும். ‘நெடுநல்’ மேலயும் ‘வாடை’ கீழயும் போனா சிரிப்பு முன்னாலயே ஒழுகிரும்.

பிரவின்: சரி டீச்சர். தட்டி எட்டடிக்கு நாலடி.

ராஜன் மாமா: நாலடி யாருக்கு?