ஆட்டுக்கல்லின் எடை: ஒரே பலகையில் இரண்டு விடைகள் வருவது ஏன்?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

வணக்கம். ஆடிக் கூழ் வார்ப்பதற்கு முன், எங்கள் கோயில் மடைப்பள்ளியில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லை ஓர் இரும்பு மேடையின் மேல் ஏற்ற வேண்டியிருக்கிறது. மேடை தாங்கக்கூடியது 100 கிலோ. எங்களிடம் இருப்பதோ 50 கிலோ வரை காட்டும் தொங்கு தராசு. ஆகவே 2.4 மீட்டர் பலகையின் ஒரு முனையை இரும்புக் கம்பியின் மேல் வைத்து, மறுமுனையைத் தராசில் மாட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டோம். கல்லின் நடு கம்பியிலிருந்து 0.6 மீட்டரில் இருந்தபோது தராசு 26 கிலோ காட்டியது. 26 × 2.4 ÷ 0.6 என்று கணக்கிட்டால் 104 கிலோ வருகிறது. கல்லை 1.2 மீட்டருக்கு நகர்த்தியபோது 47.5 கிலோ காட்டியது. அதன்படி 95 கிலோதான். இவற்றில் எதை நம்புவது?

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், இயற்பியல் ஆசிரியர்)

இரண்டையும் நம்ப வேண்டாம், அம்மா. தராசு கல்லை மட்டும் தூக்கவில்லை, பலகையையும் தூக்குகிறது. பலகையின் எடை அதன் நடுவில், அதாவது 1.2 மீட்டரில் செயல்படுவதால், அதில் பாதி எப்போதும் தராசின் பங்குதான். கல் கம்பிக்கு அருகில் இருக்கும்போது அந்தப் பாதியையும் நான்கால் பெருக்கிவிடுகிறோம். அதனால்தான் முதல் விடை அவ்வளவு பெரிதாக வந்தது.

பலகையின் எடை தெரியாவிட்டாலும் வழி உண்டு. கல் 0.6 மீட்டர் நகர்ந்ததில் தராசில் கூடியது 21.5 கிலோ; பலகையின் பங்கு இரண்டு அளவிலும் ஒன்றே என்பதால் கழிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. கம்பியைச் சுற்றிய திருப்புத்திறன் (விசை × கம்பியிலிருந்து தூரம்) சமநிலையின்படி, 21.5 × 2.4 ÷ 0.6 = 86 கிலோ. இதைச் சரிபார்க்க, கல்லை நடுவிலேயே விட்டு, தராசையும் கம்பியையும் முனை மாற்றி வைத்து மீண்டும் பாருங்கள். இரு முனைகளிலும் மேல்நோக்கித் தாங்கும் விசைகளின் கூட்டுத்தொகை, கல்லும் பலகையும் சேர்ந்த மொத்த எடைக்குச் சமமாக வேண்டும். இதற்குத் தூரம் அளக்கவே தேவையில்லை என்பதால் இந்தச் சோதனையை நான் பெரிதும் நம்புவேன். கல்லின் இருபுறமும் செங்கல் அடுக்கிவிட்டே இதைச் செய்யுங்கள்.

கேள்வியாளர்

நன்றி ஐயா. மறுமுனையில் 47.3 கிலோ காட்டியது. தனியே நிறுத்ததில் பலகை 9 கிலோ. ஆக, 47.5 + 47.3 − 9 என்று கணக்கிட்டால் கல் 85.8 கிலோ. ஆனால் தராசு மாட்டிய முனை சற்றே தாழ்ந்திருந்தது. அதனால் கணக்கு தவறுமா?

மறுமொழி (ஆசிரியர்)

கயிறு நேர்ச்செங்குத்தாக இருக்கும்வரை, சாய்வு எல்லாத் தூரங்களையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால் பெரும்பாலும் தவறாது. ஆனால் உயரமான கல்லின் ஈர்ப்பு மையம் பலகைக்கு மேலே இருக்கிறது. பலகை சாயும்போது அது தாழ்ந்த பக்கம் நகர்ந்து, தராசில் சிறிது கூட்டிக் காட்டும். 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் மையம் 2 பாகைச் சாய்வுக்கு அரை சென்டிமீட்டர் நகரும். ஆகவே நீர்மட்டம் வைத்துப் பலகையைச் சமப்படுத்திவிட்டு அளப்பதே முறை.

குழவியின் எடை என்ன?

கேள்வியாளர்

நேரடியாகவே நிறுத்தோம், 11 கிலோ.

மறுமொழி (ஆசிரியர்)

அப்படியானால் இரண்டும் சேர்ந்தே 97 கிலோ. அரைக்கும் மாவும், சுற்றுபவர் கை ஊன்றும் விசையும் சேர்ந்தால் 100ஐத் தாண்டிவிடும். மேடைக்கு நடுவில் இன்னொரு காலைப் பற்றவைத்த பிறகே கல்லை ஏற்றுங்கள்.