பழைய பிக்கப்புக்கு வேறு வீல்: மாட்டியவர்களின் அனுபவம்

என் 1969 செவர்லே சி10-க்கு வீல் மாற்றும் வேலை ஒருவழியாகப் போன வாரம் முடிந்தது. ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நாலு மாதம் இழுத்துவிட்டது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

வண்டி என் கைக்கு வந்தபோது 15-க்கு 6 (விட்டம் 15 இன்ச், அகலம் 6 இன்ச்) ஸ்டீல் வீல், நாலிலும் முகத்தை மூடும் முழு வீல் கப். அதை எடுத்துவிட்டு 15-க்கு 8 அலாய் போட ஆசை. 1970 வரை வந்த அரை டன் சி10-க்கு ஆறு நட், ஸ்டட் வட்டம் (நட் ஏறும் போல்ட்களின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம்) ஐந்தரை இன்ச், அதாவது 139.7 மி.மீ. பின் சக்கரத்தில் ஒரு கப்பைக் கழற்றிப் பார்த்தேன். ஆறு இருந்தது. சரி என்று நாலு ரிம்மும் ஆறு நட்டுக்கே சொல்லிவிட்டேன்.

ரிம் வந்த அன்று முன்பக்கம் ஜாக்கி வைத்து, ஸ்க்ரூடிரைவரால் கப்பை நெம்பினேன். கப் கழன்று தரையில் உருண்டது. உள்ளே ஐந்து நட். நம்ப முடியாமல் விரலை வைத்து மறுபடி எண்ணினேன். ஐந்துதான். மறுபக்கமும் அப்படியே. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, டிஸ்க் பிரேக்குக்காக 1971 முதல் வந்த வண்டியின் முன்பாகத்தை இதில் பொருத்தியிருக்கிறார். அந்த வருடத்தில்தான் சி10-க்கு முன்னால் டிஸ்க் வந்தது, கூடவே நட்டும் ஐந்தாகி 5 இன்ச் வட்டத்துக்கு மாறியது. புத்தகத்தில் 1969 என்றிருந்தாலும் என் முன் அச்சு இரண்டு வருடமாவது இளையது. பழைய வண்டி என்றாலே பாதி முந்தையவர் கைவேலைதான். வருடத்தை வைத்து ரிம் வாங்காதீர்கள், நாலு மூலையும் கழற்றி எண்ணிவிட்டு வாங்குங்கள்.

ஐந்து நட்டில் எதிரெதிரே ஸ்டட் இருக்காது என்பதால் வட்டத்தை நேராக அளக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டின் நடுவுக்கு நடு அளந்து 1.701-ஆல் பெருக்க வேண்டும். எனக்கு 74.7 மி.மீ. வந்தது. பெருக்கினால் 127, அதாவது 5 இன்ச். ஆறு நட்டில் இந்தத் தொல்லை இல்லை, எதிரெதிரே அளந்தால் போதும்.

என் முன் மூன்று வழி இருந்தது. ஐந்தை ஆறாக்கும் அடாப்டர், பின்னால் ஐந்து நட் அச்சுத்தண்டு, இல்லையென்றால் அதே டிஸ்க் அமைப்பில் உட்காரும் ஆறு நட் ரோட்டர், அதாவது பிரேக் தட்டு. அடாப்டர் வீலை அதன் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளும், அதனால் வேண்டாம் என்று விட்டேன். ரோட்டரையே மாற்றினேன். இந்த வண்டியில் ஹப்பும் (வீல் உட்காரும் நடுப்பகுதி) ரோட்டரும் ஒரே வார்ப்பு. அதைக் கழற்றும்போது பேரிங்கும் கையோடு வெளியே வரும், பழைய கிரீஸைத் துடைத்துப் புதிதாக அடைத்து, சீலையும் மாற்றிவிடலாம். அந்த வேலை எப்படியும் பாக்கி இருந்தது.

அடுத்தது பேக்ஸ்பேசிங். இதைச் சரியாகப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ரிம்மைக் குப்புறப் போட்டு, பின்விளிம்பின் மேல் நேரான கட்டை ஒன்றைக் குறுக்கே வையுங்கள். கட்டையிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரை எவ்வளவு ஆழமோ அதுதான் பேக்ஸ்பேசிங். 8 இன்ச் ரிம் என்றால் டயர் உட்காரும் இடம் மட்டும் 8. இரண்டு பக்க உதட்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 9. ஆக நாலரை இன்ச் பேக்ஸ்பேசிங் என்றால் ஆஃப்செட் (ஹப்பில் உட்காரும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் தூரம்) பூஜ்யம், 4 இன்ச் என்றால் மைனஸ் 12.7 மி.மீ. என் பழைய ஸ்டீல் வீலில் மூன்றே முக்கால் இருந்தது. ஸ்டியரிங் ராடில் இடித்துவிடுமோ என்று பயந்து புதியதையும் மூன்றே முக்காலுக்கே எடுத்தேன். தப்பு அங்கேதான். உள்பக்கம் அப்படியே இருக்க, கூடுகிற 2 இன்சும் வெளியே போனது. நேராகப் போனால் ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் மட்டும், டயரின் வெளித்தோள் மட்கார்டின் கீழ்முனையில் உரசியது. புது டயரில் விரல் அகலத்துக்கு ரப்பர் சீவினாற்போலப் போய்விட்டது. பார்க்கவே வயிறு எரிந்தது.

வெளியே தள்ளிய வீலால் இன்னொரு கஷ்டமும் உண்டு. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் நிறுத்தும் இடத்தில் திருப்பவே தோள் வலிக்கும், பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும். முன் பேரிங்கில் பாரமும் ஏறும். ஆகவே முன்னுக்கு மட்டும் நாலரை பேக்ஸ்பேசிங்கில் வேறு ஜோடி வாங்கினேன். இந்தத் தடவை டயர் ஏற்றுவதற்கு முன்னாலேயே வெறும் ரிம்மை மாட்டிப் பார்த்தேன். டயர் ஏறிய ரிம்மை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காலிப்பரின் (ரோட்டரைக் கவ்வும் பிரேக் பாகம்) மேல் நாலைந்து இடத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒட்டி, ரிம்மை நட் போட்டு இறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். கழற்றிப் பார்த்தால் ஓர் உருண்டை மட்டும் தட்டையாகி 3 மி.மீ. கனத்தில் நின்றது. இடைவெளி அவ்வளவுதான். அதனால் பேலன்சிங் செய்கிற தம்பியிடம், ஒட்டும் எடையை அந்த வரிசையில் வைக்காமல் உள்விளிம்புப் பக்கம் வைக்கும்படி சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் முதல் சுற்றிலேயே காலிப்பர் அதைப் பெயர்த்திருக்கும்.

முன் ஹப்பின் கிரீஸ் மூடி ரிம்மின் நடு ஓட்டை வழியே வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ரிம்மோடு வந்த நடு கப் உட்காரவில்லை. உயரமான கப் தனியாகக் கிடைத்தது.

*

உங்களுக்கு வந்தது அளவுத் தொல்லை. எனக்கு நட்டிலேயே வந்தது. ஆபத்தும் அதில்தான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது ஃபோர்டு எஃப்-100. ஐந்து நட், ஐந்தரை இன்ச் வட்டம், அரை இன்ச் ஸ்டட், இன்ச்சுக்கு 20 மரை. பழைய அலாய் செட் ஒன்று கிடைத்தது, நட்டோடு சேர்த்தே கொடுத்தார்கள். கூம்பு முனை நட் இல்லை. ஸ்டட்டை மூடிக்கொண்டு ரிம் துளைக்குள் குழாய் மாதிரி இறங்கும் நட், அதன் கீழே தட்டை வாஷர். மாட்டி, டார்க் ரெஞ்சில் (வைத்த இறுக்கம் வந்ததும் கிளிக் அடிக்கும் ஸ்பானர்) கிளிக் வரும் வரை இறுக்கினேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது வாரம் மெதுவாகப் போகும்போது மட்டும் பின்னாலிருந்து டக் டக் என்று சத்தம். வேகம் எடுத்தால் போய்விடும். முதலில் பிரேக் ஷூ என்று நினைத்தேன், அப்புறம் யூனிவர்சல் ஜாயின்ட்டில் சந்தேகப்பட்டேன். கடைசியில் சக்கரத்தைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ரிம் டிரம்மின் மேல் அசைகிறது. நட் ஐந்தும் இறுக்கமாகவே இருந்தது! கழற்றி அளந்தேன். ரிம்மில் துளையின் ஆழம் 17 மி.மீ., நட்டின் குழாய் நீளம் 19. குழாயின் முனை டிரம்மில் முட்டி நின்றுவிட்டது, வாஷர் ரிம்மை அழுத்தவே இல்லை. ரெஞ்ச் கிளிக் அடித்தது டிரம்மில் முட்டியதற்கு, ரிம் இறுகியதற்கு இல்லை. இரண்டு துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. அந்த ரிம்மைத் திரும்ப வண்டியில் போடவில்லை.

இப்போது யார் கேட்டாலும் மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறேன். ரிம்மின் துளை கூம்பா தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற நட் எடுக்க வேண்டும். குழாய் நட்டானால் குழாயின் நீளம் ரிம் துளையின் ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். நட் பிடிக்க ஆரம்பித்ததிலிருந்து இறுகும் வரை எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ குறைந்தது அவ்வளவு மரையாவது உள்ளே பிடிக்க வேண்டும், அரை இன்ச் ஸ்டட்டில் இது 10 சுற்று. நட் உட்காரும் இடத்தில் அலாய் ரிம் ஸ்டீலைவிடத் தடிமன் என்பதால் பழைய ஸ்டட் பல வண்டிகளில் எட்டாது. எனக்கு ஆறு சுற்றுதான் வந்தது. நீளமான ஸ்டட் அடித்துத்தான் அடுத்த ரிம்மை மாட்டினேன்.

எந்த நட்டானாலும் ஏர் கன்னால் இறுக்காதீர்கள். நட்சத்திர வரிசையில் இரண்டு மூன்று தடவையாகக் கையால் இறுக்கி, 80 கி.மீ. ஓட்டிய பிறகு ஆறவிட்டு மறுபடி ரெஞ்ச் வையுங்கள். புது அலாய் கொஞ்சம் உட்காரும். என் அடுத்த செட்டில் மறு இறுக்கத்தில் ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுக்குக் கிட்டப் போனது.

*

நானும் ஒன்று சொல்கிறேன், சின்ன விஷயம்தான். என் அறுபதுகளின் டாட்ஜ் டி100-இல் வலப்பக்கம் ஐந்து நட்டும் நல்லபடியாகக் கழன்றன. இடப்பக்கம் ஒன்றுகூட அசையவில்லை. துரு என்று நினைத்து எண்ணெய் விட்டு, ஸ்பானரில் குழாய் மாட்டி ஏறி நின்றேன். டப் என்று ஸ்டட் உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. அப்புறம்தான் துணியால் ஸ்டட் முனையைத் துடைத்துப் பார்த்தேன். ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருந்தது. இடது மரை. கிறைஸ்லர் அந்தக் காலத்தில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரைதான் வைத்தது. கடிகார முள் போகும் பக்கம் திருப்பியதும் மீதி மூன்றும் வெண்ணெயாகக் கழன்றன. புது ரிம்முக்கு இடது மரையில் குரோம் நட் தேடி அலுத்து, கடைசியில் அந்தப் பக்கம் முழுவதும் வலது மரை ஸ்டட் அடித்துவிட்டேன். இன்னும் மாற்றாதவர்கள் முதலில் ஸ்டட் முனையைத் துடைத்துப் பாருங்கள்.

*

சி10 எழுதியவருக்கு: பின் சக்கரத்தைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. உங்களுடையது பின்னால் காயில் ஸ்பிரிங் என்றால் இதைப் படியுங்கள்.

என் 1968 சி10-ஐப் பின்னால் 4 இன்ச் இறக்கினேன். இடது டயருக்கும் பெட்டிக்கும் (பின்னால் சுமை ஏற்றும் பகுதி) நடுவே கை போகும் இடம், அதை மட்டும் அளந்து 275/60 ஆர்15 டயர் (அகலம் 275 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 15 இன்ச்) வாங்கினேன். மாட்டினால் வலது பக்கம் பெட்டியின் உள்விளிம்பில் உரசுகிறது. கோளாறு அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பான்ஹார்ட் ராடில். கம்பெனி கொடுத்த ராட் நீளம் குறைவு, ஒரு முனை ஃபிரேமில், மறுமுனை அச்சில். வண்டி இறங்கும்போது ராட் வட்டத்தில் சுழல்கிறது, அச்சு மொத்தமாக ஒரு பக்கம் நகர்கிறது. ராட்டின் நீளம் குறையக் குறைய நகர்வு அதிகம். நீளம் கூட்டிக் குறைக்க முடிகிற நீள ராட் போட்டு நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. எனவே இரண்டு பக்கமும் அளக்க வேண்டும், அதுவும் சக்கரம் தரையில் நின்று வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

இறக்கிய வண்டியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்பதையும் வீட்டிலேயே ஒருதடவை பார்த்துவிடுங்கள். அச்சுக்குக் கீழே ஜாக்கி வைத்தால் சக்கரமும் சேர்ந்து மேலே ஏறி பெட்டிக்குள்ளேயே நிற்கும், அகல டயர் வெளியே வராது. ஃபிரேமில் ஜாக்கி வைத்து அச்சைத் தொங்கவிட வேண்டும். நான் இதை இருட்டில், மழையில் கற்றுக்கொண்டேன்.

டயரின் உயரத்தையும் கணக்குப் போடுங்கள். முன்பு எனக்கு 235/75 ஆர்15 இருந்தது, உயரம் 733 மி.மீ. சொச்சம். 275/60 ஆர்15 என்றால் 711. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 97-இல் போகிறது. அதைவிட முக்கியம் பாரம். கார் டயர் வகையை பிக்கப்பில் போட்டால் அதில் எழுதியிருக்கும் சுமையை 1.10-ஆல் வகுத்துத்தான் எடுக்க வேண்டும். டயரில் 105 என்ற சுமைக் குறியீட்டுக்கு 925 கிலோ, வகுத்தால் 840 சொச்சம். பெட்டியில் நிஜமாகவே சுமை ஏற்றுகிறவர்கள் லைட் டிரக் டயரே எடுங்கள். ரிம்மின் பின்பக்கம் வார்த்திருக்கும் சுமை எண்ணையும் பாருங்கள், அழகான ரிம் சிலவற்றில் அது ஏமாற்றம் தரும்.

*

முதலில் எழுதிய 1969 சி10-காரன்தான், எல்லோருக்கும் நன்றி. நட் விஷயத்தைப் படித்ததும் மனம் கேட்கவில்லை, இரவே டார்ச்சோடு போய் ஒவ்வொரு நட்டையும் கழற்றிச் சுற்று எண்ணினேன். என்னுடையது கூம்பு நட், மரை போதுமான அளவு பிடித்திருக்கிறது. டார்க் வைத்து மறுபடி இறுக்கினேன்.

காலையில் பின்பக்கம் அளந்தேன். என் வண்டியிலும் காயில் ஸ்பிரிங்தான். இறக்கவில்லை, ஆனால் ஐம்பது வருட ஸ்பிரிங் தானாகவே தொய்ந்திருக்கிறது. பெட்டியின் உள்விளிம்புக்கும் டயருக்கும் இடப்பக்கம் 32 மி.மீ., வலப்பக்கம் 21. இப்போது உரசவில்லை. பின்னுக்கு இன்னும் அகலமாக 15-க்கு 10 பார்த்து வைத்திருந்தேன், அதை நிறுத்திவிட்டேன். முதலில் புது ஸ்பிரிங்கும் நீள ராடும் போட்டு, அச்சை நடுவுக்குக் கொண்டுவந்து, மறுபடி அளந்து எழுதுகிறேன்.