அரக்கு நிறம் எனக்கு எடுபடாதா? யார் பேச்சைக் கேட்பது?

பாபநாசம் ஆசிரியை:
எனக்கு வயது 44. அம்மா இருந்தவரை என் சேலைகளை அவர்தான் எடுத்தார். முந்தானையைத் தோளில் போட்டு ஒரு பார்வை பார்ப்பார். "வேண்டாம், முகம் வாடித் தெரிகிறது" என்பார். போன தை மாதம் போய்விட்டார். வருகிற ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அத்தையாக மணமேடையில் நிற்க வேண்டும். அரக்கில் பட்டு எடுக்க ஆசை. நாத்தனார், "மாநிறத்துக்கு அரக்கு எடுபடாது" என்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகளோ, பட்டு கட்டினாலே எனக்கு வயது கூடித் தெரிகிறது என்கிறாள். கடைக்காரர் எதைப் போட்டாலும் "உங்களுக்கென்றே நெய்தது" என்கிறார். சேலை எடுக்கப் போவதே பயமாக இருக்கிறது. யாரை நம்புவது?

கும்பகோணம் தையற்கடை:
26 வருடங்களாகத் தைக்கிறேன், அம்மா. என் கடைக்கு வருகிறவர்கள் பத்து வருடத்துக்கு முந்தைய அளவு ரவிக்கையைக் கொடுத்து, "இதே மாதிரி தைத்துவிடுங்கள்" என்கிறார்கள். உடம்பு அதே மாதிரியா இருக்கிறது? தோள் இறங்கி, கைக்குழி பிடித்தால் எந்தப் பட்டும் வயதைக் கூட்டத்தான் செய்யும். உங்கள் மகளிடம் எங்கே சரியில்லை என்று கேளுங்கள். இடத்தைக் காட்டினால் அவள் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருபுவனம் நெசவு வீட்டுப் பெண்:
நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள், அக்கா. பாவு, அதாவது நீள நூல், ஒரு நிறம், ஊடை, அதாவது குறுக்கு நூல், வேறு நிறம் என்று நெய்த பட்டு, நிற்கும்போது ஒன்றும் நடக்கும்போது ஒன்றுமாகத் தெரியும். அரக்கிலும் அப்படி உண்டு. எங்கள் ஊர்ப் பட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையை விசிறி மடிப்பாக மடித்து வைப்பது வழக்கம். மடிப்பில் கரைதான் கண்ணை இழுக்கும். முழுவதும் பிரிக்கச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். தோளில் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். நாங்கள் தறியிலிருந்து இறக்கியதும் செய்வது அதுதான். மாநிறத்துக்கு அரக்கு ஆகாது என்று என் பாட்டி சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் மாநிறம், அரக்கு கட்டாதவர் யாருமில்லை.

பாபநாசம் ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. மகளிடம் கேட்டேன். போன வருடக் கல்யாணப் படத்தை எடுத்து, என் ரவிக்கையின் தோள் தையல் கைக்கு இறங்கியிருந்ததைக் காட்டினாள். பட்டைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லையாம். நாத்தனாரிடமும் கேட்டேன், சட்டென்று பதில் வரவில்லை. பிறகு, புதுப்பெண்ணாக இருந்தபோது அவருடைய மாமியார் அதையே சொல்லி, ஆசையாக எடுத்து வந்த அரக்குச் சேலையைத் திருப்பிக் கொடுக்க வைத்தாராம். அதன்பின் அவர் அரக்கு கட்டியதே இல்லை. கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் திருபுவனம் போகிறோம். மகள் வருகிறாள். நாத்தனாரையும் அழைத்திருக்கிறேன், அவருக்கும் ஒன்று பார்க்கலாம் என்று சொன்னேன். அதற்கு முன் சனிக்கிழமை புது அளவு எடுக்கப் போகிறேன்.