"என்னை விட்டுவிட்டுப் போங்கள்" என்று சொன்னவர்கள்: உங்கள் அனுபவங்கள்

மலைக்காற்று:
ரெசாங் லா, அதாவது 1962 சீனப் போரில் நம் படை நின்று போரிட்ட லடாக் கணவாய்; அந்தக் கதை இங்கே பலருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுஷுல் பக்கம் இருக்கும் நினைவிடத்தில், வந்தவர்களுக்கு ஒரு ஜவான் 1962 நவம்பர் 18 அன்று நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். 13 குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி என்ற படைப்பிரிவு, சுமார் 120 பேர், 16,000 அடி உயரத்துக்கு மேல். நடுவில் மலை மறைத்ததால் பீரங்கி உதவி கிடையாது. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கம்பெனித் தளபதி மேஜர் ஷைத்தான் சிங்குக்குக் கையிலும் வயிற்றிலும் குண்டடி. தூக்கிக்கொண்டு இறங்கியவர்கள் மீதும் சூடு விழுகிறது. என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று அவர் உத்தரவு போடுகிறார். இந்த இடத்தில் ஜவான் பேச்சை நிறுத்திவிட்டார். அப்புறம், "இவ்வளவு பெரிய பாறை, அதன் மறைவில்தான் சாய்த்து வைத்தார்கள்" என்று தன் நெஞ்சு உயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினார்.

அந்தக் கை காட்டிய உயரம் மறக்க மாட்டேன் என்கிறது. சாய்த்து வைத்தவர்கள் திரும்பி நடந்தார்களே, அந்த முதல் பத்தடியை எப்படி எடுத்து வைத்திருப்பார்கள்?

பழைய சிப்பாய்:
நானும் ராணுவத்தில் இருந்தவன். பனிமலைப் போஸ்ட் ஒன்றில் காலில் அடிபட்ட எங்கள் ஹவில்தாரைச் சுமந்து இறக்கினோம். சண்டை இல்லை, சூடு இல்லை. அப்படியும் சரிவில் எங்களில் ஒருவன் வழுக்கியதும், "என்னைக் கீழே வைங்கடா, வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று கத்தினார். வைக்கவில்லை. கீழே வந்து சேரும் வரை திட்டிக்கொண்டே வந்தார்.

அதனால் சொல்கிறேன், இதை வெறும் உணர்ச்சியாகப் பார்க்காதீர்கள். ஒருவரைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அந்த நான்கு பேரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டார்கள் என்றால் ஐந்து பேரும் இலக்குதான். மேஜர் கடைசி வரை கம்பெனி கமாண்டராகவே யோசித்தார். அது தளபதியின் முடிவு. போனவர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள், அவ்வளவுதான்.

உப்புக்காற்று:
"அவ்வளவுதான்" என்பதை ஏற்க முடியவில்லை. நம் கடற்படையின் ஐ.என்.எஸ். குக்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ அடித்துச் சில நிமிடங்களில் முழுகிய கப்பல். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, தப்பிக்க முடிந்தவர்களை எல்லாம் இறக்கிவிட்டுக் கப்பலோடு போனார். கேப்டன் கப்பலோடு சாக வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. இறங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இதைத் தளபதியின் கணக்கு என்று எப்படிச் சொல்வீர்கள்?

டையூ நினைவிடத்தில் கண்ணாடிக்குள் அந்தக் கப்பலின் மாதிரி இருக்கிறது. அங்கே பேரனோடு வந்திருந்த கடற்படைப் பெரியவர் ஒருவரிடம் ஜாக்கெட் கதையைச் சொன்னேன். எல்லாம் தெரிந்தவர்தான். "வாங்கிக்கிட்டவன் ஒவ்வொரு வருஷமும் அந்த ராத்திரிய எப்படிக் கழிச்சிருப்பான் தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

வடக்குப் பாதை:
நானும் சுஷுல் போனேன், இறந்தவர்களின் பெயர்ப் பலகை முன்னால் அழுதுவிட்டேன். போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். லே நகரமே சுமார் 11,500 அடி. விமானத்தில் இறங்கிய அன்றே கிளம்பாதீர்கள், குறைந்தது இரண்டு நாளாவது அங்கே தங்கி உடம்பைப் பழக்குங்கள். சுஷுல் இன்னும் உயரம். தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போகக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். மது வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். எல்லைப் பகுதி என்பதால் அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், லேயிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் காற்று கடுமையாகிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ள பெரியவர்களை மருத்துவரிடம் கேட்காமல் கூட்டிப்போக வேண்டாம். காதை மூடும் குல்லா கட்டாயம்.

பழைய சிப்பாய்:
உப்புக்காற்று, முல்லா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதைக் கணக்கு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலைக்காற்று கேட்டதற்கு என் பதில் மாறவில்லை. ரெசாங் லாவிலிருந்து மீண்டு வந்தவர்கள் சொன்னதை முதலில் பலர் நம்பவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1963 பிப்ரவரியில்தான் உடல்கள் கிடைத்தன. பலர் கையில் ஆயுதம் அப்படியே இருந்தது. மருத்துவ உதவியாளர் கையில் ஊசி. மேஜரும் அந்தப் பாறைப் பக்கம்தான் இருந்தார். மீண்டு வந்தவர்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை என்று அப்போதுதான் ஊர் ஒப்புக்கொண்டது. அந்த ஜவான் உங்களுக்குச் சொன்ன கதையே, அன்று கீழே இறங்கி வந்தவர்கள் சொன்னதுதானே.