418 "நான் டீ கெண்டி": லைப்ரரிகளில் இது இருக்க வேண்டுமா?

சுழியன்:
418 என்ற நிலை எண்ணை (சர்வர் தன் பதிலின் நிலையைச் சொல்லும் மூன்று இலக்க எண்) நிரல் லைப்ரரிகளிலிருந்து, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளிலிருந்து, நீக்க வேண்டும் என்பது என் கட்சி. 1998 ஏப்ரல் 1 அன்று லாரி மசின்டர் எழுதிய ஆர்எஃப்சி 2324 (ஆர்எஃப்சி என்பது இணைய ஆவண வரிசை), காபி மெஷினை நெட்வொர்க்கில் இயக்கும் விளையாட்டு நெறிமுறை. டீ கெண்டியிடம் காபி கேட்டால் 418 வரும். அது எச்டிடிபி (வெப் பக்கங்களைக் கொண்டுசெல்லும் நெறிமுறை) எண்ணே அல்ல, எச்டிசிபிசிபி என்ற அந்த விளையாட்டு நெறிமுறையின் எண். ஆனாலும் நோட், கோ, பைத்தான் 3.9 என்ற நிரலாக்கக் கருவிகள் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருக்கிறது. கோரிக்கையில் தவறு என்று சொல்ல 400 முதல் 499 வரை இருப்பதே நூறு எண்கள்.

பழையமோடம்:
அந்த நூறில் முப்பதுகூட இன்னும் நிரம்பவில்லை, சுழியன். மேலும் அந்த ஆவணம் வெறும் கிண்டல் இல்லை. எதற்கெடுத்தாலும் எச்டிடிபியை இழுத்து நீட்டும் பழக்கத்தின் மேல் வைத்த விமர்சனம். சொல்விளையாட்டைக் கிட்டத்தில் பாருங்கள். பால் ஊற்றுவதை நிறுத்தும் மெத்தடின் (சர்வருக்கு இடும் கட்டளை) பெயர் 'வென்'. ஆங்கிலேயர் கோப்பையில் ஊற்றும்போது, போதும் என்பதற்கு "வென்" என்பார்கள். 418-இல் இன்னும் அழகு: பதிலின் 'பாடி' குட்டையாக, பருமனாக இருக்கலாம் என்கிறது. ஆங்கிலக் குழந்தைப் பாட்டில் டீ கெண்டி தன்னை அப்படித்தான் வர்ணிக்கும். எச்டிடிபியில் 'பாடி' என்றால் பதிலின் உள்ளடக்கம். 'மே' என்ற சொல் பெரிய எழுத்தில். தர ஆவணங்களில் அதற்குக் கட்டாயமில்லை என்று பொருள். ஒரே வரியில் இத்தனை சிலேடை!

சுழியன்:
சிலேடை பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் சர்வரில் நடப்பது வேறு. பாட்களை (தானாக வந்து பக்கம் கேட்கும் நிரல்கள்) விரட்ட 418 அனுப்புகிறார்கள். அந்த எண் தெரியாத கிளையன்ட் (கோரிக்கை அனுப்பும் நிரல்) அதை 400-ஆகத்தான், பொதுவான 'தவறான கோரிக்கை'யாகத்தான் எடுத்துக்கொள்ளும். 429 (அளவுக்கு மீறிய கோரிக்கைகள்) அனுப்பி 'ரீட்ரை-ஆஃப்டர்' ஹெடரில் (பதிலின் தலைக்குறிப்பு) 120 நொடி என்று போட்டால், ஒழுங்கான கிளையன்ட் இரண்டு நிமிடம் காத்திருக்கும். பைத்தானின் யூஆர்எல்லிப்3 லைப்ரரி அந்த ஹெடரை இயல்பாக மதிப்பது 413, 429, 503 மூன்றுக்கு மட்டும். 418-உடன் அனுப்பினால் வீண். 403, 429 எண்ணிக்கைக்கு வைத்த அலாரமும் அடிக்காது.

பழையமோடம்:
அது தவறான பயன்பாடு. அங்கே நானும் உங்கள் பக்கம். தடுக்க 403, வேகத்தைக் குறைக்க 429. லைப்ரரியிலிருந்து எடுப்பது தனி விஷயம். 2017 ஆகஸ்டில் எச்டிடிபி பணிக்குழுத் தலைவர் மார்க் நாட்டிங்ஹம் நோட், கோ இரண்டிலும் நீக்கச் சொன்னார். ஒரு பள்ளி மாணவர் இயக்கமே நடத்தினார், எண் தப்பியது. 2022-இல் ஆர்எஃப்சி 9110, பிரிவு 15.5.19 இதற்கு வழி சொல்லிவிட்டது: வேடிக்கையாகவே ஊரெங்கும் பரவியதால் 418 ஒதுக்கி வைக்கப்படுகிறது, 4xx எண்கள் (400 முதல் 499 வரை) தீர்ந்தால் வேறு வேலைக்குத் தரலாம். அதைத் தொகுத்த மூவரில் நாட்டிங்ஹமும் ஒருவர்.

மின்மினி:
இடையில் ஒன்று. எச்டிடிபியின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி/2-இல் எண் மட்டும்தான் போகும்; "நான் டீ கெண்டி" என்ற வாசகம் போகாது. கர்ல் என்ற கட்டளைக் கருவியில் பழைய பதிப்பான 1.1-ஐக் கட்டாயப்படுத்தி ஹெடரைக் காட்டச் சொன்னால் முதல் வரியில் தெரியும். ஆகவே வாசகத்தைப் பாடியிலேயே எழுதுங்கள். காபி போடச் சொல்லும் 'ப்ரூ' மெத்தடை அனுப்பிப் பார்ப்பவர்கள் கவனிக்க: தெரியாத மெத்தடைப் பல ப்ராக்ஸிகள் (இடையில் நிற்கும் சர்வர்கள்) 405 அல்லது 501 சொல்லி வாசலிலேயே திருப்பிவிடும். கோரிக்கை உங்கள் நிரலுக்கு வந்ததா என்று முதலில் லாகில் (சர்வரின் பதிவேடு) பாருங்கள்.

சுழியன்:
9110 ஒதுக்கியதை ஏற்கிறேன். ஆனால் நிரல் எழுதும் எடிட்டரின் பட்டியலில் 417-க்கும் 421-க்கும் நடுவே 418 மற்றவை போலவே நிற்கிறது. புதியவர் அதை உண்மையென்று எடுத்துப் போடுகிறார். 'பயன்பாட்டில் இல்லை' என்ற குறிப்பு அந்த மாறிலியின் (எண்ணுக்கு லைப்ரரி வைத்த பெயர்) மேலேயே வர வேண்டும். அதுவரை நீக்கச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.